நேதாஜி பயணித்த நீர்மூழ்கி: மாடல் செய்பவர்களைச் சுற்றலில் விடும் மேல்தளம்!

1943 ஏப்ரல் இறுதி. மடகாஸ்கர் பக்கம், இந்தியப் பெருங்கடலில் இரண்டு நீர்மூழ்கிகள் சந்திக்கின்றன. ஜெர்மனியின் யு-180 மேல்தளத்திலிருந்து இரண்டு இந்தியர்கள் ரப்பர் படகில் இறங்கி, அலையில் நனைந்தபடி ஜப்பானின் ஐ-29-க்கு மாறுகிறார்கள். ஒருவர் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ். இன்னொருவர் அவருடைய உதவியாளர் ஆபித் ஹசன். அந்த ஜூலையிலேயே நேதாஜி சிங்கப்பூரில் இருந்தார். மலேயா தோட்டத் தமிழர்கள் திரண்டு அவர் படையில் சேர்ந்தது அதற்குப் பிறகுதான்.

இந்த யு-180-ஐ மாடலாகச் செய்ய நினைப்பவர்களுக்கு முதல் தலைவலி, கப்பலே இல்லை என்பதுதான். 1944 ஆகஸ்டில் பிஸ்கே விரிகுடாவில், உள்ளே இருந்த அத்தனை பேருடனும் காணாமல் போய்விட்டது. அப்படியென்றால் அவர்கள் இருவரும் இறங்கிய அந்த மேல்தளம் எப்படி இருந்திருக்கும்?

இரும்புத் தகடு என்றுதான் பலரும் நினைப்போம். ஆனால், அந்தக் கால ஜெர்மன் நீர்மூழ்கிகள் பலவற்றில் நடக்கும் தளம் மரப்பலகையால் ஆனது. பலகைக்குப் பலகை இடைவெளி இருக்கும். அதற்குக் கீழே இருப்பது ஆட்கள் வாழும் பகுதி அல்ல. அவர்கள் இருந்தது இன்னும் உள்ளே, தடித்த எஃகு உருளைக்குள். தளத்துக்கும் உருளைக்கும் நடுவில் கடல்நீர் தாராளமாகப் புகுந்து வெளியேறும். மூழ்கும்போது அங்கே காற்று சிக்கினால் கப்பல் இறங்கத் தாமதமாகும். விமானம் தலைக்கு மேல் வரும்போது அந்தத் தாமதம் உயிர்ப் பிரச்னை. அதனால்தான் இந்த இடைவெளிகளும், பக்கவாட்டில் வரிசையாக இருக்கும் துளைகளும்.

நெய்வேலிக்காரர்களுக்கு இதைப் புரியவைப்பது சுலபம். அனல்மின் நிலையத்தில் பாய்லர் பக்கம் நடக்கும்போது காலடியில் இரும்பு கிரேட்டிங் இருக்குமே! தண்ணீர் தேங்காது, கீழே இருப்பதும் தெரியும். அதே யோசனைதான், இங்கே மரத்தில். ஈரத்தில் வழுக்குவது குறையும், எடையும் குறைவு, உடைந்தால் மாற்றுவதும் எளிது.

அருங்காட்சியகங்களைப் பார்த்துச் செய்யலாமே என்றால், அங்கேயும் கவனம் தேவை. ஜெர்மனியில் கீல் அருகே லாபோ கடற்கரையில் இருக்கும் யு-995, போருக்குப் பின் நார்வே கடற்படையில் ஓடியது. 1972-ல்தான் அருங்காட்சியகமானது. இன்று அதில் பார்ப்பதெல்லாம் போர்க்காலத்தில் இருந்ததே என்று எடுத்துக்கொள்ள முடியாது. தவிர, அது 67 மீட்டர் கொண்ட சிறிய ரகம். சிகாகோவில் இருக்கும் யு-505, யு-180-க்குக் கொஞ்சம் நெருங்கிய சொந்தம். ஆனாலும் நீளம் 76.8 மீட்டர்தான். யு-180 நீளம் 87.6 மீட்டர், அகலமும் அதிகம். யு-505 ரகத்துக்கான கிட்டை வாங்கி நடுவில் வெட்டி நீட்டினால் வேலை முடியாது.

எந்த ஆண்டு யு-180 என்பதையும் முதலிலேயே முடிவு செய்தாக வேண்டும். நேதாஜியை இறக்கிவிட்டுத் திரும்பிய பிறகு அதைச் சரக்குக் கப்பலாக மாற்றிவிட்டார்கள். எனவே 1944 படத்தை வைத்து 1943 மாடலைச் செய்யக் கூடாது.

அடுத்தது அளவு. பலகை இடைவெளி 2 செ.மீ. என்று வைத்துக்கொண்டால், 72-ல் ஒரு பங்கு மாடலில் அது 0.28 மி.மீ.தான். 350-ல் ஒரு பங்கு என்றால், கிட்டத்தட்ட தலைமுடி கனம். அவ்வளவு சிறிய மாடலில் இடைவெளியை வெட்டாமல், மெல்லிய கோடாகக் கீறி விடுவதே புத்திசாலித்தனம்.

நிறத்தில்தான் நிறைய பேர் கோட்டை விடுகிறார்கள். மரம் என்றதும் தேக்கு மேஜை நிறத்தை அடித்துவிடுவார்கள். உண்மையில் பலகைகளுக்குக் கரிய பாதுகாப்புப் பூச்சு இருந்தது. பழைய படங்களில் தளம் இருண்டு தெரிவது அதனால்தான்.

72-ல் ஒரு பங்கு யு-180 செய்து முடித்தால் நீளம் சுமார் 122 செ.மீ. வரும். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸ் ஷோகேஸில் அது அடங்காது. வேலையை ஆரம்பிக்கும் முன்பே வீட்டில் பேசி இடம் வாங்கிவிடுங்கள்!