சொல்லித் தர ஆள் இருக்கா?

ஆடி அமாவாசைக்கு ஏரல் பக்கம் பஸ்ஸில் கால் வைக்க இடம் கிடைக்காது. தாமிரபரணிக் கரையில் இருக்கிற அருணாசல சுவாமி கோயிலுக்கு அப்படியொரு கூட்டம். ஊர்க்காரர்களுக்கு அவர் சேர்மன் சாமி. 1906-ல் ஏரல் சேர்மன் பொறுப்புக்கு வந்தவர், 1908 ஆடி அமாவாசை அன்று மறைந்தார். அப்போது அவருக்கு 28 வயதுகூட நிறையவில்லை. பதவியில் இருந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. நூறு வருஷம் தாண்டியும் இந்தப் பக்கத்தில் பிள்ளைகளுக்குச் சேர்மத்துரை என்றும் சேர்மக்கனி என்றும் பெயர் வைக்கிறார்கள்.

‘வேலையில் முன்னேறுவது எப்படி?’ என்று எழுதச் சொன்னதும் எனக்கு இந்தச் சேர்மன்தான் ஞாபகம் வந்தார். வம்பு வழக்கு என்று வந்தவர்களை உட்கார வைத்துக் கேட்டார், ஒரு பக்கம் சாயாமல் தீர்த்து வைத்தார் என்றுதான் அவரைப் பற்றி ஊர் சொல்கிறது. அடுத்து என்ன பதவிக்குப் போயிருப்பார் என்று யாரும் பேசிக் கேட்டதில்லை. நாம் அப்படி இல்லை. சீனியர், லீட், மேனேஜர் என்று விசிட்டிங் கார்டில் வரி மாறினால் வளர்ந்துவிட்டோம் என்று நினைக்கிறோம். வளர்ச்சி அங்கே இல்லை என்பதை எனக்குக் காட்டியது கடைதான்.

ஏரல் கடைத்தெருவை நம்பியே இருக்கிற ஊர். சுற்றுவட்டாரத்து வாழைத் தோட்டத்திலும் வயலிலும் காசு கையில் புரண்டால் ஜவுளிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் இங்கேதான் வருவார்கள். அதனால் எங்கள் பையன்களில் பாதிப் பேருக்கு முதல் வேலை கடையில்தான். இங்கே இடம் இல்லையென்றால் சென்னையில் யாராவது ஒரு அண்ணாச்சியின் மளிகைக் கடை. நானும் அப்படிப் போய் இருந்துவிட்டுத்தான் எழுத வந்தேன்.

கையால பாக்காத, பல்லால பாரு

மளிகைக் கடையில் படிகள் தெளிவாக இருந்தன. முதலில் வாசல் கூட்டி, தண்ணீர் தெளித்து, மூட்டை அவிழ்க்க வேண்டும். அப்புறம் பொட்டலம், அதற்கப்புறம் தராசு, கடைசியில் கல்லா.

பொட்டலம் மடிப்பதை லேசாக நினைக்கக் கூடாது. பழைய பேப்பரைக் கூம்பாகச் சுருட்டி, அடியை முறுக்கி, பருப்பைக் கொட்டி, வாயை மடித்து உள்ளே சொருகணும். மேலே தொங்குகிற நூல்கண்டில் இருந்து இழுத்து இரண்டு சுற்றுச் சுற்றி, விரலில் வெட்டி அறுக்கணும். கத்தரிக்கோல் கேட்டால் கடையே சிரிக்கும். நான் மடித்த பொட்டலங்கள் வாடிக்கையாளர் தெரு முனையைத் தாண்டுவதற்குள் வாய் பிளந்தன. எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்த ஒரு அண்ணன்தான் ராத்திரி ஷட்டர் இறக்கியபிறகு, வெறும் மணலை வைத்து மடிக்கப் பழக்கினார்.

சரக்குப் பார்க்கவும் அவர்தான் சொல்லித் தந்தார். “ஏலே, உளுந்தக் கையால பாக்காத, பல்லால பாரு.” கடித்ததும் டக்கென்று உடைந்தால் காய்ந்த சரக்கு. பல்லில் ஒட்டினால் ஈரம் இருக்கிறது. எடை கூடி நிற்கும், சீக்கிரமே வண்டு விழும். கடன் கேட்பதற்கும் அவரிடம் முறை இருந்தது. சம்பளம் வந்த வாரத்தில் கேட்கணும், வீட்டு வாசலில் வைத்துக் கேட்கக் கூடாது, கூட யாராவது நின்றால் கேட்கவே கூடாது. “அந்த அக்கா மொகம் வாடிச்சுன்னா அடுத்த மாசம் எதிர்த்த கடையில நிப்பாக, தெரிஞ்சுக்க.”

அவர் இதையெல்லாம் எதற்காக மெனக்கெட்டுச் சொல்லித் தரவேண்டும்? நல்ல மனசு என்று சொல்லிவிடலாம். மனசு நல்லதுதான். ஆனால் அதற்குமேல் ஒரு கணக்கும் இருந்தது. நான் தராசில் நிற்கப் பழகினால்தான் அவர் கல்லாவுக்கு நகர முடியும். கீழே இருப்பவன் தேறினால்தான் மேலே இருப்பவனுக்கு வழி.

முதலாளிக்கும் அதே கணக்குத்தான். பல வருஷம் கடையில் நின்றவனின் சம்பளத்தைச் சேர்த்து வைத்திருந்து, வேறொரு ஏரியாவில் கடை பிடித்துக் கொடுப்பார். மொத்த வியாபாரியிடம் கூட்டிப்போய், “நம்ம பையன்தான், சரக்குப் போடுங்க” என்பார். புதுக் கடைக்கு அந்த ஒரு சொல்தான் மூலதனம். அதற்கு ஈடாக முதலாளிக்குக் கிடைப்பது ஊரில் பேர். ‘அந்த அண்ணாச்சி கடைக்குப் பிள்ளைய அனுப்பினா ஆளாக்கி விட்டிருவாரு’ என்று பேச்சு பரவினால் அடுத்த ரெண்டு பையன்கள் தானாக வந்து இறங்குவார்கள்.

இதில் பொல்லாப்பும் உண்டு. விடிவதற்கு முன் திறந்து, நடுராத்திரி நெருங்கும்போது அடைக்கிற வேலை அது. சம்பளம் கைக்கு வராது, அந்த ஏணி பெரும்பாலும் சொந்தபந்தத்துக்கும் சாதிக்கும் உள்ளேயே நின்றது, பெண்களுக்கு அதில் படியே கிடையாது என்று சொல்பவர்கள் சொல்வது நியாயம்தான். என் கவலை வேறு.

ஸ்டூல் வந்தது, சரி

பெரிய ஜவுளிக்கடைகள் வந்தபோது எங்கள் பக்கத்துப் பையன்களும் பெண்பிள்ளைகளும் கூட்டமாகச் சென்னைக்கு ரயில் ஏறினார்கள். அந்த வாழ்க்கையை 2010-ல் வந்த ‘அங்காடித் தெரு’ படத்தில் எல்லாரும் பார்த்தோம். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்ததற்கு விடிவாக, 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கட்டாயம். கேரளா அதை 2018-லேயே செய்துவிட்டது. நல்ல சட்டம். ஆனால் உட்கார்ந்தவர் எழுந்து மேலே போக வழி உண்டா என்று கேட்டால், எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை.

மேலே போகும் படிக்குப் பதிலாக அந்த ஜவுளிக்கடைகளில் வந்து சேர்ந்தது பீஸுக்கு இவ்வளவு என்கிற கமிஷன். ஒரு சேலைக்கடையில் பக்கத்துப் பக்கத்துக் கவுன்டரில் நின்ற இரண்டு பெண்களிடம் பேசிக்கொண்டிருந்தேன். ஒரே ஊர், ஒரே ஹாஸ்டல், ஒரே தட்டில் சாப்பிட்டவர்கள். வேலைக்குச் சேர்ந்தபிறகு பேச்சு குறைந்துவிட்டதாம். “அவ காட்டிட்டு இருந்த பார்ட்டி என் பக்கம் திரும்பினா அவளுக்குக் கமிஷன் போச்சு. அப்புறம் எப்படிண்ணே அவ எனக்கு நெளிவு சுளிவு சொல்லித் தருவா?” என்றாள் ஒருத்தி. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தில் முடிவு எடுப்பது யார் என்று நடையை வைத்தே கண்டுபிடிக்கிறவள் இன்னொருத்தி. அந்த வித்தை அவளோடு நிற்கிறது. அவள் கல்யாணமாகிப் போகும்போது அதுவும் போய்விடும்.

நோட்டு நனைந்தபோது

இப்படி ஒருவரோடு நிற்கிற வித்தைக்கு என்ன மதிப்பு என்று வெள்ளத்தில் பார்த்தேன். 2023 டிசம்பர் 17, 18-ல் பெய்த மழையை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 சென்டிமீட்டர். ஆறு ஏரலுக்குள்ளேயே வந்துவிட்டது. ஊர் துண்டானது, பஜார் மூழ்கியது. தண்ணீர் வடிந்தபிறகு கடைக்குக் கடை முழங்கால் சேறு.

நான் போய் நின்ற ஒரு கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் சேற்றில் கிடந்தது. பற்று நோட்டு ஊறி, மை கரைந்து, எல்லாப் பக்கமும் ஒரே நீலம். முதலாளி தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். ரொம்ப வருஷமாக அங்கே நிற்கிற பெரியவர் ஒருவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, “அண்ணாச்சி, நான் சொல்லுதேன், எழுதிக்கிடுங்க” என்றார். தெரு வாரியாக, வீடு வாரியாக யார் எவ்வளவு பாக்கி, எப்போது தருவதாகச் சொன்னார்கள், எந்த வீட்டில் இப்போது போய்க் கேட்கவே கூடாது என்று ஒப்பித்தார். பில் மெஷினில் உட்காருகிற இளவட்டம் வாயைப் பிளந்து நின்றான். அவனுக்கு மெஷின் ஓட்டத் தெரியும். பாக்கிக்காரர் யாருடைய முகமும் தெரியாது. அவனிடம் யாரும் சொன்னதும் இல்லை, சொல்ல வேண்டிய அவசியமும் யாருக்கும் வரவில்லை.

என்னைத் தூங்கவிடாத விஷயம் இதுதான். பார்கோடு வந்தபிறகு விலை தெரிய வேண்டாம். பாக்கெட் வந்தபிறகு உளுந்தைக் கடிக்க வேண்டாம். ஆப் வந்தபிறகு தெருகூடத் தெரிய வேண்டாம். ஒன்றும் தெரியாதவனை வைத்தே வேலை நடக்கும் என்றால் அவனுக்குச் சொல்லித் தர எந்த முதலாளி செலவழிப்பார்? நேற்றுச் சேர்ந்தவனும் ஐந்து வருஷம் நின்றவனும் ஒரே விலை என்றால் ஐந்து வருஷக்காரன் எதற்கு?

கடையோடு நிற்கிற சங்கதி இல்லை இது. சென்னையில் சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிற என் சிநேகிதர் மகள் சொல்கிறாள்: “எங்க டீம்ல தெரிஞ்சவங்க சொல்ல மாட்டாங்க அங்கிள். சொல்லிட்டா அவங்களை எடுத்துட்டு என்னை வெச்சுப்பாங்கன்னு பயம்.” சம்பளத்தை மறைப்பதைவிட இப்போது வேலையை அதிகமாக மறைக்கிறார்கள். மளிகைக் கடை அண்ணனுக்கு நான் தேறினால் கல்லா கிடைத்தது. இந்தப் பெண்ணின் சீனியருக்கு இவள் தேறினால் வேலை போகும். ஒரே அறையில் உட்கார்ந்து, ஒரே குரூப்பில் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிக்கொண்டாலும் இவர்கள் கூட்டாளிகள் ஆவது எப்படி?

யூடியூபில் எல்லாம் இருக்கிறது, இனி யாரும் யாரிடமும் போய் நிற்க வேண்டாம் என்பார்கள். இருக்கட்டும். எங்கள் பக்கத்து மூக்குப்பீறித் தெருவில் எந்த வீட்டில் எப்போது பாக்கி கேட்கலாம் என்று எந்த வீடியோவும் சொல்லாது.

ஆகவே வேலை தேடுகிற பிள்ளைகளுக்கு என் சிபாரிசு ஒன்றுதான். இன்டர்வியூவில் ‘ஏதாவது கேட்கணுமா?’ என்பார்களே, அப்போது சம்பளத்தோடு இதையும் கேளுங்கள்: “இங்கே எனக்கு யார் வேலை சொல்லித் தருவா? நான் தேறினா அவருக்கு என்ன கிடைக்கும்?” இரண்டாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால் முதல் கேள்விக்குச் சொல்கிற பதில் பொய்.

முதலாளிகளுக்கும் ஒன்று சொல்லலாம். ஒரு சேலை விற்றால் கமிஷன் கொடுக்கிறீர்கள். ஒரு ஆளைத் தேற்றி விட்டவருக்கும் கொடுத்துப் பாருங்கள். சேலையைவிட அதில்தான் உங்களுக்கு லாபம் அதிகம்.