மலைமேல் ஒரு வாத்தியார். மலையடியில் ஒரு வாத்தியார்!

காரவள்ளியில் ஏறத் தொடங்கும் பஸ், 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் கொல்லிமலையை அடைகிறது. அந்த வளைவுகளுக்கு மேலே ஒரு விதமான வாத்தியார் வேலை. கீழே, நாமக்கல் பக்கத்தில், வேறு விதமான வாத்தியார் வேலை. பாடப் புத்தகம் ஒன்றுதான். பரீட்சையும் ஒன்றுதான். வாத்தியாரின் எண்ணம்தான் வேறு!

மார்க்குக்குப் பேர் போன ஊர்

நாமக்கல் என்றால் முட்டை. அடுத்தபடியாக, பிளஸ்-2 மார்க்கு! மாநில 'ராங்க்' வாங்கிய பிள்ளைகளின் படங்களைப் பார்த்து, பெற்றோர் எங்கெங்கிருந்தோ இங்குள்ள தனியார் விடுதிப் பள்ளிகளைத் தேடி வந்தார்கள்.

பத்தாம் வகுப்பு மார்க்கைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது, விடியுமுன் படிப்பு, இரவு வரை 'டெஸ்ட்' என்பது பல பள்ளிகளின் வழக்கம். பிளஸ்-1 பாடத்தை ஒதுக்கிவிட்டு, இரண்டு ஆண்டும் பிளஸ்-2 பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளும் உண்டு. 'பிராய்லர் பள்ளி' என்று ஜனங்கள் பெயர் வைத்தது அதனால்தான்.

அங்கே வாத்தியாருக்கும் மார்க்கு உண்டு. அவர் வகுப்பில் எத்தனை 'சென்டம்' என்பதே அந்த மார்க்கு!

2017-ல் தமிழக அரசு ராங்க் பட்டியலை நிறுத்தியது. பிளஸ்-1 பாடத்தை ஒதுக்கும் வழக்கத்தைத் தடுக்க, அந்த வகுப்புக்கும் பொதுத் தேர்வு கொண்டு வந்தது. 2025-ல் அந்தத் தேர்வு கைவிடப்பட்டது.

பொறுக்க முடியாத பள்ளி

மலைமேல் செம்மேட்டில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளி இருக்கிறது. மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் பள்ளி. இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளைப் பொறுக்கி எடுக்க வழியில்லை. குடும்பத்தில் முதன் முதலாகப் புத்தகம் தொட்டவர்களும் வருவார்கள். மிளகு பறிக்கும் நாளும் பரீட்சை நாளும் நெருங்கி வரும். பிள்ளை தோட்டத்துக்குப் போவதா, பள்ளிக்கு வருவதா?

மலைக்கு மாற்றல் என்றாலே 'தண்டனை' என்று பேசுவது சர்க்கார் உத்தியோகத்தில் பழைய வழக்கம். அப்படி நினைத்து ஏறுகிறவர், இறங்கும் நாளை எண்ணுவார். மனம் வைத்து ஏறுகிறவர், எழுத்துக் கூட்டுவதிலிருந்து தொடங்குவார்.

"இதுகளுக்கு என்ன வரும்?"

இந்த ஒரு கேள்வி என்ன செய்யும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. ராபர்ட் ரோசந்தால், லெனோர் ஜேக்கப்சன் இருவரும் கலிபோர்னியாவில் ஒரு பள்ளியில், "இந்தப் பிள்ளைகள் சீக்கிரமே முன்னுக்கு வருவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சில பெயர்களைக் கொடுத்தார்கள். திருவுளச்சீட்டுப் போல எடுத்த பெயர்கள் அவை! ஆண்டு முடிவில், முதல் இரண்டு வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களை முந்தியிருந்தார்கள். 1968-ல் இது புத்தகமாக வந்தது. சோதனையின் முறை பற்றி அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். ஆனால் வாத்தியாரின் நம்பிக்கை பிள்ளையைத் தொடக்கூடும் என்பதைப் பலரும் ஏற்கிறார்கள்.

திறந்த கதவு

அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் படித்து, 'நீட்' தேறியவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத இடம் 2020-ல் ஒதுக்கப்பட்டது. மலைப் பிள்ளைக்கும் அந்தக் கதவு திறந்திருக்கிறது. ஆனால், "பாஸ் ஆனால் போதும்" என்று நினைக்கிற வாத்தியார் அதைக் காட்டவே மாட்டார். "சென்டம் வராவிட்டால் வேண்டாம்" என்கிற பள்ளியோ அந்தப் பிள்ளையைச் சேர்க்கவே சேர்க்காது. இரண்டு இடத்திலும் நஷ்டம் ஒரே பிள்ளைக்குத்தான்!

பள்ளியைத் தேடும் பெற்றோர், "எத்தனை சென்டம்?" என்று கேட்கிறார்கள். "எந்த நிலையில் சேர்ந்த பிள்ளை எந்த நிலையில் வெளியே போனது?" என்றும் கேட்கட்டும். அப்போது மலைமேல் இருக்கும் வாத்தியார் சிலரும் ராங்க் வாங்குவார்கள்!