தொடு தூரத்து மொழி: என்எஃப்சி டேக்குகளின் ஐந்து வகைகள்

அண்மைப் புலத் தொடர்பு எனத் தமிழில் வழங்கும் என்எஃப்சி, இரு கருவிகள் சில சென்டிமீட்டர் இடைவெளிக்குள் நெருங்கும்போது மட்டும் செய்தி பரிமாறிக்கொள்ளும் கம்பியில்லா முறையாகும். மெட்ரோ நிலைய வாயிலில் பயண அட்டையைக் காட்டுவதும், கடையில் வங்கி அட்டையைக் கருவியின்மேல் வைத்துப் பணம் செலுத்துவதும் இம்முறையால் நடப்பவை. சுங்கச்சாவடியில் படிக்கப்படும் ஃபாஸ்டேகையும் இதனோடு சேர்த்து எண்ணுவோர் உண்டு. ஆனால் அது 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைவரிசையில் பல மீட்டர் தொலைவிலிருந்து படிக்கப்படுவது. என்எஃப்சி இயங்கும் அலைவரிசையோ 13.56 மெகாஹெர்ட்ஸ்.

டேக் எனப்படுவது ஒரு சிறிய சில்லும், அதைச் சுற்றிய உலோகச் சுருளும் சேர்ந்த மெல்லிய வில்லை. அதற்குள் மின்கலம் இல்லை. கைப்பேசியிலுள்ள சுருள் உண்டாக்கும் காந்தப் புலத்துக்குள் டேக் வந்தவுடன், அதன் சுருளில் மின்னோட்டம் தூண்டப்பட்டு, அந்த மின்சாரத்தைக் கொண்டே சில்லு விழித்துக்கொள்கிறது. பதில் சொல்லவும் அது தனியே அலை எதையும் அனுப்புவதில்லை. தான் இழுக்கும் மின்சுமையைக் கூட்டியும் குறைத்தும் காட்ட, அதனால் காந்தப் புலத்தில் எழும் நுண்ணிய மாற்றத்தைக் கைப்பேசி செய்தியாகப் படித்துக்கொள்கிறது. உலோகப் பரப்பில் ஒட்டிய சாதாரண டேக் பேசாமல் போவதற்குக் காரணமும் இதுவே: உலோகம் அப்புலத்தைக் குலைத்துவிடுவதால், அங்கே இடையில் ஃபெரைட் படலம் வைத்த டேக் தேவைப்படுகிறது.

இத்துறையில் பல தரநிலைகள் அருகருகே நிலவுவதற்கு வரலாறே காரணம். ஹாங்காங்கின் ஆக்டபஸ் அட்டையும் (1997), ஜப்பானின் சுய்கா ரயில் அட்டையும் (2001) சோனியின் ஃபெலிகா முறையில் இயங்கின. வேறு பல நாடுகளில் ஐஎஸ்ஓ 14443 என்னும் தரநிலை, ஏ, பி என்ற இரு பிரிவுகளோடு வேரூன்றியிருந்தது. நோக்கியா, பிலிப்ஸ், சோனி ஆகிய மூன்று நிறுவனங்களும் 2004இல் என்எஃப்சி மன்றத்தைத் தொடங்கியபோது, புழக்கத்திலிருந்த முறைகளைத் தள்ளிவிடாமல், அவற்றை எண்ணிட்ட வகைகளாக ஒரே குடைக்கீழ் கொண்டுவந்தன. ஆகவே வகையின் எண் உயர்வு தாழ்வைக் குறிப்பதன்று, வந்த வழியைக் குறிப்பது.

முதலாம் வகை மிக எளியது. இன்று வழக்கொழிந்து வருகிறது. இரண்டாம் வகை விலை குறைந்தது, பரவலாகக் கிடைப்பது. அதைச் சேர்ந்த என்டேக் 213, 215, 216 ஆகிய சில்லுகளில் முறையே 144, 504, 888 பைட் இடம் உண்டு. மூன்றாம் வகை ஃபெலிகாவின் வழிவந்தது. நான்காம் வகை ஐஎஸ்ஓ 14443ஐ முழுமையாகப் பின்பற்றுவது. கோப்புகளை அடுக்கிவைக்கவும், மறைகுறியீட்டுக் கணக்குகளைச் செய்யவும் வல்ல சில்லுகள் இதில் அடங்கும். வங்கி அட்டையும் மின்னணு கடவுச்சீட்டும் பேசும் நெறிமுறை இதுவே. 2015இல் சேர்ந்த ஐந்தாம் வகை, நூலகப் புத்தகங்களில் ஒட்டப்படும் ஐஎஸ்ஓ 15693 டேக்குகளைச் சார்ந்தது. உரிய கருவி இருந்தால் சற்றுத் தொலைவிலிருந்தும் படிக்கலாம், ஆனால் வேகம் குறைவு.

வகைகள் வேறானாலும், உள்ளே எழுதப்படும் செய்திக்கு என்டெஃப் என்னும் பொது வடிவம் இருப்பதால் எந்தக் கைப்பேசியும் அதைப் புரிந்துகொள்கிறது. இடம் சுருங்கியது என்பதால் இவ்வடிவம் சிக்கனமானது. இணைய முகவரியின் தொடக்கமாக வரும் நீண்ட பகுதி ஒரே பைட்டில் அடங்கிவிடுகிறது. தமிழில் எழுதுவோர் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். ‘தமிழ்’ என்னும் சொல் நமக்கு மூன்றெழுத்து; கணினியோ அதை த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என ஐந்து குறிகளாகப் பிரித்து, யுடிஎஃப்-8 முறையில் குறிக்கு 3 பைட் வீதம் 15 பைட்டில் சேமிக்கிறது. 144 பைட் டேக்கில், தலைப்புக் குறிப்புகள் போக, ஏறத்தாழ 45 குறிகளுக்கே இடமிருக்கும். என்டெஃப் ஏற்கும் யுடிஎஃப்-16 முறையில் குறிக்கு 2 பைட்டே போதும்.

பாதுகாப்பு என்று வரும்போது, டேக் தகவல் சொல்வதற்கா, உண்மையை மெய்ப்பிப்பதற்கா என்பதே முதற்கேள்வி. சாதாரண நினைவக டேக்கில் இருப்பதை அருகில் வரும் எவரும் படித்து இன்னொன்றில் நகலெடுக்கலாம். இரகசியச் சாவியைச் சில்லுக்குள்ளேயே வைத்து, ஒவ்வொரு முறையும் புதிய கேள்விக்குப் புதிய விடை கணக்கிடும் அட்டையை அவ்வாறு நகலெடுக்க இயலாது. கணக்கிடும் முறையும் உறுதியானதாக இருக்க வேண்டும். ஐந்து வகைகளிலும் சேராத, ஆயினும் பெரும்புழக்கத்திலிருந்த மைஃபேர் கிளாசிக் அட்டை, வெளியிடப்படாத கணக்குமுறையை நம்பியிருந்தது. 2008இல் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதை உடைத்துக் காட்டினர்.

கடையின் முகவரியையோ கண்காட்சிப் பொருளின் விளக்கத்தையோ சொல்ல இரண்டாம் வகை டேக் தாராளமாகப் போதும். ஆனால் பொது இடத்தில் ஒட்டுமுன் அதை எழுத்துப் பூட்டு இட்டு நிலைப்படுத்துவது கடமை, ஏனெனில் திறந்துவிடப்பட்ட டேக்கில் வேறொருவர் தீய முகவரியை எழுதிவிட முடியும். கதவையும் பணத்தையும் காக்கும் இடத்திலோ, விலை கூடினாலும், மெய்ப்பிக்கத் தெரிந்த அட்டையையே கேட்டு வாங்க வேண்டும்.