ரெட்டைப் பிள்ளைக்குப் பால் போதுமா?

ஸ்கேனில் "ரெண்டு இருக்கு" என்று தெரிந்த அன்றைக்கே வீட்டில் ஒரு தீர்ப்பு எழுதப்பட்டுவிடுகிறது. "ஒருத்தி பால் ரெண்டுக்கு எப்படிப் பத்தும்?" குழந்தைகள் பிறக்க இன்னும் மாதங்கள் இருக்கும்போதே எந்தக் கம்பெனி பவுடர் பால் நல்லது என்ற பேச்சு வந்துவிடும். அந்தப் பெண்ணும் அதைக் கேட்டுக் கேட்டுத் தன் உடம்பின் மேல் நம்பிக்கை இழந்தபடியே பிரசவ அறைக்குப் போகிறாள்.

இந்தத் தீர்ப்பு பெரும்பாலும் தவறு. பால் எவ்வளவு எடுக்கப்படுகிறதோ அவ்வளவு சுரக்கும். இரண்டு வாய்கள் குடித்தால் அதற்கேற்ப அளவு கூடும். 1986-இல் வெளியான ஓர் ஆஸ்திரேலிய ஆய்வில், இரட்டையருக்குப் பாலூட்டிய எட்டுத் தாய்மாரின் பாலை அளந்து பார்த்தார்கள். ஆறாம் மாதத்தில் ஒரு நாளைக்கு 840 கிராமிலிருந்து 2 கிலோவுக்கு மேல் வரை சுரந்திருந்தது. ஒற்றைக் குழந்தையின் தாய்க்குச் சராசரி 750 முதல் 800 மில்லி. அதே ஆய்வில் மூன்று குழந்தைகளைப் பெற்ற ஒரு தாய்க்கு, இரண்டரை மாதத்தில் நாளொன்றுக்கு 3 கிலோவைத் தாண்டியிருந்தது. ஆய்வு சிறியதுதான். ஆனால் பெண்ணின் உடலால் முடியும் என்று காட்ட அது போதும்.

அப்படியானால் நம் வீடுகளில் ஏன் இத்தனை தாய்மார் பாதியில் நிறுத்துகிறார்கள்? கர்ப்பத்தில் போதிய சாப்பாடு கிடைக்காதது, குறைமாதப் பிரசவம், முதல் சில நாட்களில் குழந்தைகளைத் தாயிடமிருந்து பிரித்து வைப்பது, துணைக்கு ஆள் இல்லாதது, வேலைக்கு அவசரமாகத் திரும்புவது ஆகியவையே பெரும்பாலும் காரணம். இவற்றில் பெரும்பாலானவை சரிசெய்யக்கூடியவை. சிலவற்றுக்குச் சட்டமே துணை நிற்கிறது.

முதலில் எடை. கர்ப்பகாலத்தில் 9 முதல் 12 கிலோ வரை கூட வேண்டும் என்று நம் ஊரில் சொல்வது ஒற்றைக் குழந்தைக்கான கணக்கு. இரட்டைக்குத் தனிக் கணக்கு உண்டு. அமெரிக்காவின் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின் 2009-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, கருவுறும்போது உயரத்துக்கேற்ற எடையுள்ள பெண் சுமார் 17 முதல் 24.5 கிலோ வரை கூட வேண்டும். எடை மிகுந்தவருக்கு 14 முதல் 22.7 கிலோ, உடற்பருமன் உள்ளவருக்கு 11 முதல் 19 கிலோ. மெலிந்த உடம்போடு கருவுறும் பெண்களுக்கு அந்தப் பட்டியலில் எண்ணே கிடையாது. நம் கிராமங்களில் இப்படிப்பட்ட பெண்கள் ஏராளம். அதனால் முதல் செக்கப்பிலேயே "எனக்கு எத்தனை கிலோ கூட வேண்டும்?" என்று மருத்துவரிடம் நேராகக் கேட்டு, தாய் சேய் நலப் புத்தகத்தில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

எப்போது கூடுகிறது என்பதும் முக்கியம். இரட்டையரில் பாதிக்கும் மேற்பட்டோர் 37 வாரம் முடியுமுன் பிறந்துவிடுகிறார்கள். "கடைசி மாசத்துல நல்லா சாப்பிட்டுக்கலாம்" என்று தள்ளிப்போட்டால் அந்தக் கடைசி மாதம் வராமலே போகலாம். வந்தாலும், இரண்டு குழந்தைகள் இரைப்பையை நெருக்கும்போது நாலு வாய்க்கு மேல் இறங்காது. மசக்கை அடங்கிய நாலாம் மாதத்திலிருந்தே தேற்றிக்கொள்ள வேண்டும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு" என்று சொல்லிச் சோற்றை மட்டும் குவிப்பதில் பயனில்லை. தினமும் முட்டை, பருப்பு, சுண்டல், நிலக்கடலை, தயிர், முருங்கைக்கீரை, கேழ்வரகு, வசதிப்பட்டால் மத்தி மீன் என்று ஐந்தாறு வேளையாகப் பிரித்துச் சாப்பிடலாம். "பிள்ளை பெருத்துட்டா பிரசவம் கஷ்டம், வாயைக் கட்டு" என்று சொல்லும் பெரியவர்களை இந்த ஒரு விஷயத்தில் கேட்க வேண்டாம். அவர்கள் அன்பாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் இரட்டையருக்கு உள்ள பெரிய ஆபத்து எடை குறைந்து பிறப்பதுதான்.

இரும்புச்சத்து மாத்திரையைக் கர்ப்பத்தில் 180 நாட்களாவது சாப்பிட வேண்டும். அரசு இதை இலவசமாகத் தருகிறது. இரட்டைக் கர்ப்பத்தில் ரத்தசோகை அதிகம் வரும் என்பதால் இதில் விட்டுப்பிடிக்க இடமில்லை. டீ, காபியோடும் கால்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்கக் கூடாது. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் ரத்தசோகை. 7-க்குக் கீழே போனால் உடனே மருத்துவமனை.

எடை கூடுவதெல்லாம் நல்லது என்றும் நினைத்துவிடக் கூடாது. ஒரே வாரத்தில் திடீரென இரண்டு கிலோ ஏறி, முகமும் கையும் வீங்கி, தலைவலியோ கண் மங்கலோ மேல்வயிற்றில் வலியோ வந்தால், அது கர்ப்பகால ரத்தக்கொதிப்பாக இருக்கலாம். ரத்த அழுத்தம் 140/90-ஐத் தொட்டால் காத்திருக்கக் கூடாது. இரவானாலும் 108-ஐ அழைக்க வேண்டும். சர்க்கரையும் இரட்டைக் கர்ப்பத்தில் கூடுதலாக வரும். இன்னொரு கேள்வியை 11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனின்போதே கேட்டாக வேண்டும்: "ரெண்டுக்கும் ஒரே நஞ்சா, தனித்தனியா?" ஒரே நஞ்சு என்றால் ஒரு குழந்தையின் ரத்தம் மற்றதற்குப் போய்விடும் ஆபத்து உண்டு; 16-ஆம் வாரத்திலிருந்து இரு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் தேவைப்படும். பின்னால் இதைக் கண்டுபிடிப்பது கடினம்.

ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி அரசு மருத்துவமனைகளில் கர்ப்பிணிகளை மருத்துவர்களே இலவசமாகப் பரிசோதிக்கும் திட்டம் 2016 முதல் நடக்கிறது. கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி எண் வாங்கியவர்களில் தகுதியுள்ளோருக்கு, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு திட்டத்தில் 18,000 ரூபாய் மதிப்பில் உதவி உண்டு. அதில் 14,000 பணமாகவும் மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகவும் வரும். அரசு மருத்துவமனையில் பிரசவம், சிசேரியன், மருந்து, ரத்தம், வண்டி எல்லாம் இலவசம். நோயுற்ற குழந்தைக்கு ஒரு வயது வரை சிகிச்சையும் அப்படியே. இதற்கெல்லாம் யாராவது காசு கேட்டால் 104-இல் சொல்லலாம்.

இனி, பால். பிறந்த முதல் மணி நேரத்தில் வரும் சீம்பால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். பிறந்த குழந்தையின் வயிற்றுக்கு அதுவே போதும். அந்த நேரத்தில் சர்க்கரைத் தண்ணீர், சேனை, கழுதைப்பால் என்று எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. குறைமாதக் குழந்தைக்கு அது உயிருக்கே வினையாகலாம். ஏறக்குறைய 34 வாரத்துக்கு முன் பிறந்த குழந்தைக்குச் சப்பி விழுங்கி மூச்சு விடுவதை ஒருசேரச் செய்ய வராது. அப்போது குழாயிலோ பாலாடையிலோ தாய்ப்பாலையே கொடுக்கிறார்கள். நம் பாட்டிமார் வைத்திருந்த பாலாடை இன்றும் பச்சிளங்குழந்தை வார்டுகளில் புட்டியைவிடப் பாதுகாப்பான கருவியாகப் பயன்படுகிறது.

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தால் பெரும்பாலான தாய்மார் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்கிறார்கள். பால் இழக்கப்படுவது அந்த நாட்களில்தான். பிரசவமாகி ஆறு மணி நேரத்துக்குள் கையால் பீய்ச்சத் தொடங்க வேண்டும். பகலும் இரவுமாக நாளுக்கு எட்டிலிருந்து பத்து முறை, இரவில் ஒரு முறையாவது தவறாமல். முதல் நாள் சில சொட்டுகளே வந்தாலும் அதையும் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். குழந்தைகளை வெறும் மார்போடு மார்பாக வைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைக் கூடியவரை உடனே தொடங்கச் சொல்லி உலக சுகாதார நிறுவனம் 2022-இல் பரிந்துரைத்தது. ஒரு பிள்ளை அம்மாவிடமும் மற்றது அப்பாவிடமும் இருக்கலாம். பெற்றோரையும் குழந்தைப் பராமரிப்பில் சேர்க்க வேண்டும் என்று மத்திய சுகாதார அமைச்சகம் 2017-இல் வழிகாட்டுதலே வெளியிட்டிருக்கிறது. "உள்ளே வரக் கூடாது" என்றால் அதைச் சொல்லிக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்தபின் முதல் வாரங்களில் ஒவ்வொரு குழந்தையாகப் பிடிக்கப் பழக்குவது நல்லது. இரண்டும் நன்றாகப் பற்றக் கற்றுக்கொண்டதும், கக்கத்துக்கு ஒன்றாக இடுக்கிக்கொண்டு, கீழே தலையணை வைத்து, இரண்டையும் சேர்த்தே குடிக்க வைக்கலாம். நாளில் பல மணி நேரம் மிச்சமாகும். போதுகிறதா என்பதை அழுகையை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் வாரக் கடைசியிலிருந்து ஒவ்வொன்றும் நாளுக்கு ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்கிறதா, இரண்டு வாரத்தில் பிறந்த எடை திரும்புகிறதா, அதன்பின் வாரந்தோறும் ஏறுகிறதா என்று இரண்டுக்கும் தனித்தனியே பாருங்கள். ஏறவில்லை என்றால் மருத்துவர் கூடுதல் பால் சொல்லலாம். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. பாதி தாய்ப்பாலாக இருந்தாலும் அதன் பலன் பெரிது. அதற்கும் முதலில் தாய்ப்பால் வங்கி இருக்கிறதா என்று கேளுங்கள். தமிழ்நாட்டில் பல அரசு மருத்துவமனைகளில் உண்டு.

"பச்சை உடம்பு" என்று சொல்லி ரசச் சோறும் பூண்டும் மட்டும் கொடுத்துத் தண்ணீரையும் அளந்து ஊற்றுகிற பத்தியத்தை ரெட்டைப் பிள்ளைக்காரியிடம் காட்டாதீர்கள். ஒரு குழந்தைக்குப் பாலூட்டவே நாளுக்கு 600 கலோரி கூடுதலாக வேண்டும் என்பது தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் கணக்கு. இரண்டுக்கு எவ்வளவு என்று நீங்களே பாருங்கள்.

பவுடர் பால் விற்பனைக்கு 1992-ஆம் ஆண்டுச் சட்டம் கடிவாளம் போட்டிருக்கிறது. 2003-இல் அது இன்னும் இறுகியது. விளம்பரம் கூடாது, இலவச மாதிரி கூடாது, டப்பாவில் குழந்தைப் படம் கூடாது, மருத்துவ ஊழியருக்குப் பரிசோ கமிஷனோ கூடாது. மருத்துவமனையில் ஒருவர் கம்பெனிப் பெயர் சொல்லி டப்பாவைக் கையில் திணித்தால், படம் எடுத்து உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் புகார் தரலாம். புகார் தொடுக்க அரசே அதிகாரம் அளித்த பி.பி.என்.ஐ. என்ற அமைப்புக்கும் எழுதலாம்.

வேலைக்குப் போகும் பெண்ணுக்கு, முந்தைய ஓராண்டில் 80 நாள் வேலை செய்திருந்தால், சம்பளத்தோடு 26 வாரம் விடுப்பு உண்டு. குறைமாதப் பிரசவத்தால் உடல்நலம் கெட்டால் மேலும் ஒரு மாதம் கேட்கலாம். இதைப் பலரும் அறிவதில்லை. குழந்தைகளுக்கு 15 மாதம் ஆகும்வரை தினமும் இரண்டு பாலூட்டும் இடைவேளை உண்டு. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும். தினக்கூலிப் பெண்களுக்கும் மகப்பேறு உரிமை உண்டு என்று 2000-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மறுத்தால் தொழிலாளர் துறையில் புகார் செய்யலாம். ஒன்றை முன்கூட்டியே அறிந்துகொள்ளுங்கள்: முதல் பிரசவமே இரட்டை என்றால், சட்டப்படி அடுத்த பிரசவத்துக்கு விடுப்பு 12 வாரமாகக் குறையும். இது நியாயமில்லை என்றே நினைக்கிறேன். உடம்பு இரண்டாம் முறைதானே பிரசவிக்கிறது?

கணவருக்கு ஒரு வேண்டுகோள். இரவில் குழந்தையை எடுத்து வருவது, ஏப்பம் விடச் செய்வது, துணி மாற்றுவது, அவளுக்கு ஒரு சொம்புத் தண்ணீர் கொடுப்பது உங்கள் வேலையாகட்டும். அவள் இரண்டு வாரத்துக்கு மேலும் காரணமின்றி அழுதால், தூங்க நேரம் கிடைத்தும் தூங்காவிட்டால், குழந்தைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றால், மகப்பேற்றுக்குப் பின் வரும் மனச்சோர்வாக இருக்கலாம். ரெட்டைப் பிள்ளை பெற்றவர்களுக்கு அது கூடுதலாகவே வருகிறது. மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.