அரங்கின் ஒலி அளவு யார் கையில்?

நாடகத்துக்கும் நடனத்துக்கும் பதிவான இசையை ஓட்ட இப்போது ஒரு மடிக்கணினி போதும். நாடக அரங்குகளில் பரவலாகப் புழங்கும் மென்பொருள், மேக் கணினியில் மட்டும் ஓடும் க்யூலேப். அதில் ஒவ்வொரு ஒலித்துண்டும் ஒரு 'க்யூ'. அதன் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கணினி முன்னால் ஆள் உட்கார வேண்டியதில்லை. ரிகர்சலில் கடைசி வரிசையில் இருந்துகொண்டே ஐபேடில் குறைக்கலாம். லைட் கன்சோலிலிருந்தும் கட்டளை அனுப்பலாம். சவுண்ட்காரருக்குப் பெரிய வசதிதான். ஆனால் அந்த வசதி வேறு யாருக்கெல்லாம் திறந்திருக்கிறது என்று பலர் பார்ப்பதில்லை.

கட்டளைகள் போகும் வழிக்கு ஓஎஸ்சி என்று பெயர். 1990களின் பிற்பகுதியில் பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான நெறிமுறை இது. அனுப்புபவர் யார் என்று சரிபார்க்கும் ஏற்பாடு நெறிமுறையிலேயே கிடையாது. க்யூலேப் வழக்கமாகக் கட்டளைக்குக் காத்திருப்பது 53000 என்ற போர்ட்டில். கையேட்டைப் படித்த எவருக்கும் தெரியும். ஷோ கணினியை அரங்கின் பொது வைஃபையில் சேர்த்து, பாஸ்கோடு இல்லாமல் அனுமதியைத் திறந்து வைத்தால், பார்வையாளர் ஒருவரின் கைப்பேசியிலிருந்தும் ஸ்பீக்கரை அலறவிட முடியும்.

விஷமத்தைவிட நான் அதிகம் அஞ்சுவது கைத்தவறுக்குத்தான். -12 என்று அடிக்க வேண்டிய இடத்தில் கழித்தல் குறி விட்டுப்போனால் வித்தியாசம் 24 டெசிபல். ஆற்றல் கணக்கில் ஏறக்குறைய 250 மடங்கு. '3 டெசிபல் கூட்டு' என்பது போன்ற கட்டளையும் ஆபத்தானது. யுடிபி என்ற வலையமைப்பு முறையில் போகும் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று உறுதியாகத் தெரியாது. சந்தேகத்தில் இன்னொரு முறை அழுத்தினால் 6 டெசிபல் கூடிவிடும். '-10இல் வை' என்று அனுப்பினால் எத்தனை முறை அழுத்தினாலும் -10தான். இன்னொன்று: ரிகர்சலில் தொலைவிலிருந்து மாற்றிய அளவு கோப்போடு சேமிக்கப்பட்டால், மறுநாள் நிகழ்ச்சி அந்த அளவில்தான் தொடங்கும்.

பாஸ்கோடு வையுங்கள். பார்க்க மட்டும், இயக்க, திருத்த என்று க்யூலேப் 5இல் அனுமதிகளைத் தனித்தனியே பிரித்துத் தரலாம். இயக்குநருக்குத் திருத்தும் அனுமதி எதற்கு? ஆனால் ஓஎஸ்சி செய்திகள் மறையாக்கம் இல்லாமல் போவதால் பாஸ்கோடை மட்டும் நம்ப முடியாது. நிகழ்ச்சிக்கென்று தனி ரௌட்டர் வேண்டும். இணைய இணைப்பு அதற்குத் தேவையே இல்லை. மென்பொருளின் அமைப்புகளில் ஒலியின் உச்ச வரம்பைக் குறைத்து வைக்கலாம். பாஸ்கோடையும் உச்ச வரம்பையும் மென்பொருளிலேயே மாற்றிவிடலாம் என்பதால், கடைசிக் காவல் ஆம்புக்கு முன்னால் உச்ச ஒலியைத் தடுக்கும் லிமிட்டரும், கன்சோலின் மாஸ்டர் ஃபேடரில் கை வைத்திருக்கும் ஆளும்தான். செலவைக் குறைக்க அந்த ஆளை நீக்கிவிடும் அமைப்பாளர்களை எனக்குப் புரிவதில்லை.

கேட்பவர்களுக்கும் உரிமை உண்டு. நிகழ்ச்சி அரங்குகளுக்காக உலக சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட தரநிலை, 15 நிமிடச் சராசரி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கிறது. ஒலியை அளந்து கண்காணிக்கவும், காதடைப்பான் கிடைக்கச் செய்யவும் சொல்கிறது. இது பரிந்துரை, சட்டம் அல்ல. ஆனாலும் மானிட்டர் ஸ்பீக்கர் அருகே ஆடுபவர்களும் மேடைப் பணியாளர்களும் அமைப்பாளரிடம் இதைக் காட்டிக் கேட்கலாம். பிரிட்டனில் 2005ஆம் ஆண்டு விதிகளின்படி, பணியாளரின் அன்றாடச் சராசரி 85 டெசிபலை எட்டினால் காதுப் பாதுகாப்பு தருவது முதலாளியின் சட்டக் கடமை. நாடக அரங்குகளும் அதில் அடக்கம்.

அக்கம்பக்கத்தாருக்கு இந்தியாவில் 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் துணை. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குத் தடை. மூடிய அரங்குக்குள் பயன்படுத்த விலக்கு உண்டு. குடியிருப்புப் பகுதிக்கான வரம்பு பகலில் 55, இரவில் 45 டெசிபல். அதை 10 டெசிபலோ அதற்கு மேலோ தாண்டினால் மாவட்ட ஆட்சியர், காவல் ஆணையர் அல்லது டிஎஸ்பி நிலைக்குக் குறையாத அதிகாரம் பெற்ற அலுவலரிடம் புகார் தரலாம்.

அரங்கை வாடகைக்கு எடுப்பவர்கள், ஒலி அளவை மாற்றும் அனுமதி யாரிடம் இருக்கும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரங்கை நடத்துபவர்கள், ஒவ்வொரு நிகழ்ச்சி முடிந்ததும் வைஃபை கடவுச்சொல்லையும் பாஸ்கோடையும் மாற்றிவிடுங்கள். மாற்றாவிட்டால், போன வாரம் வந்த குழுவின் ஐபேட், அடுத்த முறை அரங்குக்குள் நுழைந்ததும் தானாகவே இணைந்துகொள்ளும்.