வானம் பச்சையான அட்டைகள்

1962-இல் அமெரிக்காவின் டாப்ஸ் நிறுவனம் வெளியிட்ட பேஸ்பால் அட்டைகள் மொத்தம் 598. பபிள்கம்மோடு சேர்த்துச் சிறுவர்களுக்கு விற்றவை அவை. மரப்பலகை போன்ற பழுப்பு விளிம்பு, நடுவில் ஆட்டக்காரரின் வண்ணப்படம். இவற்றில் 110 முதல் 196 வரையிலான எண்களில் ஒரு விசித்திரம் உண்டு. பெரும்பாலும் எண்ணும் ஆட்டக்காரரும் மாறவில்லை. ஆனால் ஓர் அட்டையில் நீலமாக இருக்கும் வானம் இன்னொன்றில் பச்சை தட்டியிருக்கும். முகத்திலும் அதே பச்சை. சேகரிப்பாளர்கள் இவற்றை ‘கிரீன் டின்ட்’ என்று தனியாகப் பட்டியலிடுகிறார்கள்.

மை எங்கே தவறியது?

நான்கு வண்ண அச்சில் பச்சை மை என்று ஒன்று கிடையாது. சையான் எனும் நீலம், மெஜந்தா எனும் இளஞ்சிவப்பு, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளும் நான்கு தகடுகளிலிருந்து நுண்ணிய புள்ளிகளாகத் தாளில் விழுகின்றன. அச்சிட்ட முகப்படம் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள். முகம் மறைந்து புள்ளிகள்தான் தெரியும். அடர்ந்த நிறம் வேண்டிய இடத்தில் புள்ளி பெரிது, வெளிறிய இடத்தில் சிறிது. புள்ளிகள் ஒன்றோடொன்று மோதி அலையலையான கோலம் விழாமலிருக்க ஒவ்வொரு வண்ணத்தையும் வெவ்வேறு கோணத்தில் திருப்பி வைப்பார்கள். கறுப்புக்கு வழக்கமாக 45 டிகிரி.

மனித முகத்தின் நிறம் பெரும்பாலும் மெஜந்தாவும் மஞ்சளும் சேர்ந்து வருவது. இதில் மெஜந்தா குறைந்து சையான் தூக்கலாகிவிட்டால், மஞ்சளும் நீலமும் கலந்து முகம் பச்சையாகிவிடும். கிரீன் டின்ட் அட்டைகளில் கண்ணுக்குத் தெரிவது இந்தச் சமநிலைக் குலைவுதான்.

அச்சுக்காரர் அன்று மையைக் குறைத்து ஓட்டிவிட்டார் என்று இதை முடித்துவிட முடியாது. 129-ஆம் எண்ணில் லீ வால்ஸ் ஓர் அட்டையில் வலப்புறம் திரும்பியிருக்கிறார், மற்றதில் இடப்புறம். 174-ஆம் எண்ணில் கார்ல் வில்லி ஒன்றில் தொப்பியோடும் ஒன்றில் தொப்பி இல்லாமலும் நிற்கிறார். வேறு பல அட்டைகளில் அதே படம்தான், ஆனால் ஓரங்களில் வெட்டிய அளவு சற்றே மாறியிருக்கிறது. மையைக் கூட்டிக் குறைத்து ஒருவரின் தொப்பியைக் கழற்ற முடியாது! மூலப்படங்களிலிருந்து வண்ணங்களை மறுபடி பிரித்து, புதுத் தகடு செய்திருந்தால்தான் இது நடக்கும். டாப்ஸ் தன் அட்டைகளை ஒரே மூச்சில் வெளியிடாமல், ஆட்டப் பருவம் நெடுகப் பகுதி பகுதியாக வெளியிட்டது. இந்த எண்கள் அடங்கிய இரண்டாம் பகுதிக்குக் கூடுதல் பிரதிகள் தேவைப்பட்டு, வேலை வேறோர் அச்சகத்துக்குப் போனது என்பதே சேகரிப்பாளர்களிடம் நிலவும் விளக்கம். இருக்கும் தடயங்களோடு அது நன்றாகவே பொருந்துகிறது.

வெயிலும் வயதும்

சிக்கல் என்னவென்றால், அறுபது ஆண்டுகளில் நிறத்தை மாற்ற வேறு வழிகளும் இருக்கின்றன. சையான் மையின் நிறமி பெரும்பாலும் செம்பு கலந்த தாலோசயனைன். வெளிச்சத்தை அசாதாரணமாகத் தாங்கும். கறுப்பு மையிலிருக்கும் கரியும் அப்படியே. மெஜந்தாவும் மஞ்சளும்தான் வெயிலில் முதலில் வெளுப்பவை. முடிதிருத்தும் கடைக் கண்ணாடியில் ஒட்டிய பழைய படங்கள் நாளடைவில் நீலம் பூத்துப்போவது இதனால்தான். கவனியுங்கள், நீலம், பச்சை அல்ல. மஞ்சளும் சேர்ந்து வெளுத்துவிடுவதால் வெயில் பட்ட அட்டை நீலத்தின் பக்கமே சாயும். உண்மையான கிரீன் டின்டில் மஞ்சள் திடமாக நிற்கும்.

அட்டைத் தாளின் வயது இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. மலிவான தாளில் எஞ்சியிருக்கும் லிக்னின் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிந்து மஞ்சளாகும். நீல வானத்துக்கு அடியில் தாள் மஞ்சளித்தால் மேலே பார்க்கும்போது லேசான பச்சை தோன்றும். விற்பனையில் ஏமாறுவதற்கு வாய்ப்புள்ள இடம் இதுதான் என்பேன். ஆனால் வயது ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுத்துத் தாக்காது: வெள்ளைச் சீருடை உட்பட மை படாத எல்லா இடமும் சேர்ந்தே பழுக்கும்.

இவற்றையெல்லாம் கணினித் திரையில் பார்த்துத் தீர்மானிக்க முடியாது. விற்பவர் குழல்விளக்கில் எடுத்த படமே போதும், நல்ல நீல வானமும் பச்சையாகத் தெரிய. அதனால் கிரீன் டின்ட் என்று சொல்லி யாராவது கூடுதல் விலை கேட்டால், அதே எண்ணுள்ள சாதாரண அட்டை ஒன்றைப் பகல் வெளிச்சத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதலில் படத்தின் ஓரங்களை ஒப்பிடுங்கள், அடுத்து பூதக்கண்ணாடியில் புள்ளிகளை. நிறத்தைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.