கெடு தவறினாலும் பாலிசியை விட்டுவிடாதீர்கள்

நமது சங்கக் குடும்பங்களில் வயதான பெற்றோரை ஊரிலிருந்து அழைத்து வந்து தம்முடன் வைத்துக் கொண்டிருப்பவர்கள் அநேகர். அவர்களோடு பாத்திரம் பண்டமெல்லாம் வந்து சேர்ந்துவிடும். மருத்துவக் காப்பீட்டுப் பாலிசி மட்டும் ஊர் விலாசத்திலேயே நின்றுவிடும். அதை வேறு கம்பெனிக்கு மாற்ற ஆண்டுக்கு ஒரு முறைதான் வாய்ப்பு உண்டு, அதற்கும் ஒரு கெடு உண்டு என்பது பலருக்குத் தெரிவதில்லை. தெரிய வரும்போது பெரும்பாலும் நாள் கடந்திருக்கும். அப்போது என்ன செய்யலாம் என்பதே இக்கட்டுரை.

ஓய்வு பெற்றோருக்கான ரயில்வே மருத்துவத் திட்டம் இருப்பதால் எனக்குச் சொந்தத்தில் இந்தக் கவலை இல்லை. ஆனால் தண்டவாளப் பராமரிப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் விதிப் புத்தகத்தோடு காலம் தள்ளியவனுக்குப் பொடி எழுத்தில் உள்ள பத்திரத்தைப் படிப்பது பெரிய காரியமல்ல. ஆகவே டோம்பிவிலியில் எங்கள் கட்டடத்துத் தமிழர்கள் பாலிசியும் கையுமாக என்னைத் தேடி வருவார்கள்.

முதலில் விதியைச் சொல்லிவிடுகிறேன். ஒரு கம்பெனியின் மருத்துவப் பாலிசியை மற்றொரு கம்பெனிக்கு மாற்றிக் கொள்ளும் உரிமை 2011 அக்டோபர் முதல் நமக்கு உண்டு. புதுப்பிக்கும் தேதிக்கு 60 நாட்களுக்கு முன்னதாக அல்லாமலும், 45 நாட்களுக்குக் குறையாமலும் புதிய கம்பெனியிடம் விண்ணப்பிக்க வேண்டும் என்பது பாலிசிப் பத்திரங்களில் காணும் கணக்கு. இதில் உள்ள லாபம், பழைய பாலிசியில் கழித்த ஆண்டுகள் வீணாவதில்லை என்பதே. சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்று ஏற்கெனவே உள்ள நோய்களுக்குப் புதிய பாலிசியில் மூன்று ஆண்டுகள் வரை காத்திருக்கச் சொல்லலாம். மாற்றிக் கொண்டு போனால், பழைய காப்புத் தொகை அளவுக்கு அந்தக் காத்திருப்பு முன்பே கழிந்ததாகக் கொள்வார்கள்.

சென்ற 2025 பிப்ரவரி 10ஆம் தேதி திருநெல்வேலிப் பக்கத்து நண்பர் ஒருவர் வந்தார். வயது 68. அவர் துணைவியாருக்கு 64. பல வருடச் சர்க்கரை. ஆறு ஆண்டுகளாக ஐந்து லட்ச ரூபாய்க்குப் பாலிசி வைத்திருந்தார். ஊர் விலாசத்துக்கான குறைந்த பிரீமியம் கட்டி வந்ததால், மும்பையில் சிகிச்சை பெற்றால் பில்லில் 20 சதவீதத்தைத் தாமே ஏற்க வேண்டும் என்று அதில் இருந்தது. புதுப்பிக்கும் தேதி மார்ச் 18. நாற்பத்தைந்து நாள் கெடு ஒன்பது நாட்களுக்கு முன்பே போய்விட்டது.

"பையன் இதை விட்டுவிட்டு வேறு கம்பெனியில் புதிதாக எடுத்துவிடலாம் என்கிறான் சார்" என்றார்.

கூடவே கூடாது என்றேன். புதிதாக எடுத்தால் அந்த அம்மாளின் சர்க்கரைக்கு 67 வயது வரை காப்பு இல்லாமல் போகலாம். ஆறு வருடம் கட்டிய பணத்தின் பலன் ஒரே நாளில் கரைந்துவிடும். மேலும், தொடர்ந்து 60 மாதங்கள் நடந்த பாலிசியில், மோசடி என்று நிரூபித்தாலொழிய, முன்பு எதையோ சொல்லாமல் மறைத்தீர்கள் என்று கம்பெனி தகராறு செய்ய முடியாது. அந்தப் பாதுகாப்பும் போய்விடும்.

எஞ்சிய வழிகளை இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். கெடு கடந்தாலும் புதிய கம்பெனி மனம் வைத்தால் ஏற்கலாம். ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை. கேட்டுப் பார்த்தார், மறுத்துவிட்டார்கள். அடுத்த வழி, அதே கம்பெனியின் வேறொரு திட்டத்துக்கு மாறுவது. இதற்கும் பழைய ஆண்டுகளின் பலன் தொடரும். கெடுவோ புதுப்பிக்கும் தேதிக்கு 30 நாள் முன்புதான். அதாவது பிப்ரவரி 16 வரை ஆறு நாட்கள் மிச்சம் இருந்தன. இருபது சதவீதப் பிடித்தம் இல்லாத திட்டம் ஒன்றைக் கேட்டு எழுதிக் கொடுத்து, ரசீதும் வாங்கி வந்தார். பிரீமியம் கூடிற்று, சந்தேகமில்லை. ஆனால் ஜூலையில் கால் புண் ஆறாமல் அந்த அம்மாளை மருத்துவமனையில் சேர்க்க நேர்ந்தபோது, சர்க்கரையைக் காரணம் காட்டி யாரும் பணத்தை மறுக்கவில்லை.

இந்த 30 நாளும் கடந்துவிட்டால்? பழைய பாலிசியையே ஓராண்டுக்குப் புதுப்பித்துவிட்டு, அடுத்த ஆண்டு கெடுவுக்குள் மாற வேண்டியதுதான். பிடிக்காத கம்பெனியோடு இன்னும் ஒரு வருடமா என்று தோன்றும். வயதான காலத்தில் பாலிசியின் தொடர்ச்சிதான் சொத்து. ஆண்டுப் பிரீமியம் கட்டத் தேதி தவறினால் 30 நாள் சலுகை உண்டு. அதற்குள் கட்டினால் தொடர்ச்சி அறாது. ஆனால் பணம் கட்டாத அந்த இடைப்பட்ட நாட்களில் நேரும் செலவுக்குக் காப்பு கிடைக்காது.

சென்ற ஆண்டு கிளெயிம் வாங்கினீர்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் புதுப்பிக்க மறுக்கக் கம்பெனிக்கு உரிமை இல்லை. 60 வயது கடந்தவர்களின் பிரீமியத்தை ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் உயர்த்த, ஒழுங்குமுறை ஆணையத்தை முன்கூட்டிக் கலக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உத்தரவாயிற்று. தனிநபர் பாலிசிகளின் மீதிருந்த 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. குறை இருந்தால் முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் தெரிவியுங்கள். 30 நாளில் சரியான பதில் வராவிட்டால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மனிடம் கட்டணமின்றி, வக்கீல் இன்றி முறையிடலாம்.

எழுபது வயது நிறைந்தவர்கள் வீட்டில் இருந்தால், ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையையும் வாங்கி வையுங்கள். 2024 அக்டோபரில் தொடங்கிய திட்டம் இது. வருமான வரம்பு இல்லை. குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை, திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனைகளில் செல்லும். காத்திருப்புக் காலமும் இல்லை. தனியார் பாலிசி இருப்பவர்களும் பெறலாம்.

இந்த இதழைக் கீழே வைத்ததும் ஒரு காரியம் செய்யுங்கள். பெற்றோரின் பாலிசியை எடுத்து, புதுப்பிக்கும் தேதியைப் பாருங்கள். அதற்கு 60, 45, 30 நாட்களுக்கு முன் வரும் மூன்று தேதிகளையும் வீட்டுக் காலண்டரில் சிவப்பு மையால் குறித்து வையுங்கள். அப்பாவுக்குத்தான் தெரியுமே என்று பிள்ளையும், பையன் பார்த்துக் கொள்வான் என்று அப்பாவும் இருந்துவிட்டால், கெடு யாருக்காகவும் காத்திருக்காது.